ஐந்து டெஸ்க்டாப், ஒரு தொடுதிரை விண்டோஸ்: ஜனவரி 31க்குள் மாற வேண்டுமா?

அல்சூர்_கணக்காளர் | 29 டிசம்பர் 2012, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். மளிகைக்கடை, ஹார்டுவேர் கடை, இரண்டு மூன்று பட்டறை, ஒரு கல்யாண மண்டபம் என்று கொஞ்சம் பேருக்குக் கணக்கு எழுதி, வாட் ரிட்டர்ன், டிடிஎஸ் எல்லாம் தாக்கல் செய்து கொடுக்கிறோம். ஐந்து டெஸ்க்டாப் இருக்கின்றன. மூன்றில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி, இரண்டில் விண்டோஸ் 7.

விண்டோஸ் 8 ப்ரோ அப்கிரேடை 1,999 ரூபாய்க்கு இறக்கிக்கொள்ளும் சலுகை ஜனவரி 31ஓடு முடிகிறது. ஜூன் 2க்குப் பிறகு விண்டோஸ் 7 மிஷின் வாங்கியவர்களுக்கு 699 ரூபாய்தான், ஆனால் என்னுடையவை அதற்கு முன்பே வாங்கியவை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதனால் மூன்று மிஷினை எப்படியும் மாற்றியாக வேண்டும். ஐந்துக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிகிறதே என்று ஆசை வந்தது.

போன வாரம் எங்கள் கட்சிக்காரர் (வாடிக்கையாளர்) ஒருவர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் விண்டோஸ் 8 முன்னால் உட்கார்ந்தேன். ஆசை பாதி அடங்கிவிட்டது. கீழே இடது மூலையில் ஸ்டார்ட் பட்டன் இல்லை. விண்டோஸ் கீயை அழுத்தினால் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். செய்துகொண்டிருந்த வேலை மொத்தமும் மறைந்துவிடுகிறது. கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டுமென்றால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், ஒரு பட்டை வந்ததும் அதில் செட்டிங்ஸ், அதில் பவர், அதற்குள் ஷட்டவுன். அவர் அலுவலகத்துப் பையன் மிஷினில் இருக்கும் பட்டனையே அழுத்தி நிறுத்திவிடுகிறான்.

என் அலுவலகத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பதினான்கு வருடமாக டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுகிறார். இடது கையில் பில் கட்டு, வலது கை கீபோர்டில். எஃப்9 அழுத்திக் கொள்முதல், எஃப்8 விற்பனை, எஃப்5 பேமென்ட், முடிந்ததும் கண்ட்ரோல்+ஏ. கண் பில்லை விட்டு நகராது. ஒரு பில்லுக்கு அவர் மவுஸைத் தொடுவதே இல்லை, திரையைத் தொடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் மானிட்டர்கள் எல்லாம் 17 அங்குலச் சதுரத் திரை, ஒன்றுகூடத் தொடுதிரை கிடையாது. அப்படி இருக்கும்போது விரலுக்காக வரைந்த ஒரு முகப்பை இவர் முன்னால் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என் தயக்கம் வெறும் பழக்க தோஷமா என்றும் சந்தேகமாக இருக்கிறது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வொயிட்ஃபீல்டு_நிரலர் | 29 டிசம்பர் 2012, இரவு 11:05

சார், நான் ஆகஸ்டிலிருந்து வேலைக்கும் வீட்டுக்கும் விண்டோஸ் 8தான். தொடுதிரை என்னிடமும் இல்லை. கட்டங்களைத் தாண்டி உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று யாரும் பேசாததுதான் எனக்கு வருத்தம்.

முதலில் பூட் ஆகும் வேகம். நீங்கள் ஷட்டவுன் கொடுத்ததும் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையமான கெர்னல் பகுதியை மட்டும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதை அப்படியே எடுத்துக்கொள்வதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடி அடுக்க வேண்டியதில்லை. சாதாரண ஹார்டு டிஸ்கிலேயே வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அப்புறம் டாஸ்க் மேனேஜர். எந்தப் புரோகிராம் டிஸ்கைப் பிடித்து ஆட்டுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது நடுவில் நிறுத்தி வைத்துத் தொடரலாம். ஐஎஸ்ஓ ஃபைலை (சிடி, டிவிடியின் நகல்) டபுள் கிளிக் செய்தாலே திறக்கும். வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது, தனியாக வருடா வருடம் பணம் கட்ட வேண்டாம். ஐந்து மிஷினுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஸ்டார்ட் பட்டன் இல்லாததற்கு வழி இருக்கிறது. வின்+எக்ஸ் அழுத்துங்கள், கண்ட்ரோல் பேனல், டிஸ்க் மேனேஜ்மென்ட், கமாண்ட் பிராம்ப்ட் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். வின்+டி அழுத்தினால் நேராக டெஸ்க்டாப். வின்+ஐ அழுத்தினால் பவர் பட்டன் அங்கேயே இருக்கும், மூலைக்குப் போகத் தேவையில்லை. உங்கள் அக்கா கீபோர்டிலேயே வாழ்கிறவர் என்றால் நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் இது சுலபம்.

எஸ்பிரோடு_சர்வீஸ் | 30 டிசம்பர் 2012, காலை 8:15

சார், எஸ்.பி. ரோட்டில் பன்னிரண்டு வருடமாக மிஷின் அசெம்பிள் செய்தும் சர்வீஸ் செய்தும் கொடுக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் சில விஷயம் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்பி மிஷின்கள் எந்தக் காலத்தவை? விண்டோஸ் 8க்கு 1 ஜிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ராம் போதும் என்று போட்டிருப்பார்கள். அது சரிதான். ஆனால் பிராசசரில் என்எக்ஸ் என்று ஒரு வசதி இருந்தே ஆக வேண்டும். பென்டியம் 4இல் பழைய வகைகளில் அது கிடையாது. அதில் விண்டோஸ் 7 ஏறும், 8 ஏறவே ஏறாது. அப்கிரேட் அசிஸ்டன்ட் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு சின்ன புரோகிராம் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு மிஷினிலும் அதை ஓட்டிப் பாருங்கள், எது ஒத்துப்போகும் எது ஒத்துப்போகாது என்று பட்டியல் போட்டுவிடும்.

அடுத்தது, 7இலிருந்து மாறினால் புரோகிராம்கள் அப்படியே இருக்கும். எக்ஸ்பியிலிருந்து மாறினால் உங்கள் ஃபைல்கள் மட்டும்தான் தங்கும். டாலி, பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர், எல்லாம் மறுபடி போட வேண்டும்.

டாஸ் காலத்துச் சம்பளப் பட்டியல் புரோகிராம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? நிறைய கணக்கு அலுவலகங்களில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது இன்னும் ஓடுகிறது. இருந்தால் 64 பிட் விண்டோஸ் பக்கமே போகாதீர்கள், அதில் இந்த மாதிரிப் பழைய 16 பிட் புரோகிராம் ஓடாது. அது 8க்கு மட்டுமில்லை, 7க்கும் அப்படித்தான்.

இந்த இரண்டு மாதத்தில் நான் 8 போட்டுக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து 7 போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் கடை, ஆபீஸ் வைத்திருப்பவர்கள். வீட்டுக்கு வாங்கியவர்கள் அவ்வளவாக வரவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அல்சூர்_கணக்காளர் | 30 டிசம்பர் 2012, மதியம் 1:20

தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஃபாக்ஸ்புரோ சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டறைக்காரருடைய 1998லிருந்து உள்ள கணக்கு அதில்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று பிரதி கார்பனோடு அடிக்கிறோம். அந்த மிஷின் பென்டியம் 4தான். அசிஸ்டன்டை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்துத்தான் பல தாக்கல்கள். யுஎஸ்பியில் செருகி, பிரவுசரில் ஜாவா ஓட வேண்டும். அது 8இல் எப்படி?

வொயிட்ஃபீல்டு_நிரலர் | 30 டிசம்பர் 2012, மாலை 6:50

அதில் ஒரு குழப்பம் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 8இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 இரண்டு உருவத்தில் வருகிறது. கட்டத்தில் தட்டினால் திறக்கும் முழுத்திரை உருவத்தில் ப்ளக்-இன் எதுவும் ஓடாது, ஜாவாவும் ஓடாது. டெஸ்க்டாப்பில் டாஸ்க்பாரிலிருந்து திறந்தால்தான் பழையபடி ஓடும். பெயர் ஒன்று, ஐகான் ஒன்று, நடத்தை வேறு. இதை உங்கள் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டோக்கன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

பீன்யா_டிராயிங் | 31 டிசம்பர் 2012, காலை 10:30

பீன்யாவில் மோல்டு டிசைன் செய்கிறேன். என்னுடையது இரண்டு மானிட்டர். இடதில் டிராயிங், வலதில் பார்ட் லிஸ்ட். ஒரு மாதம் 8 வைத்திருந்தேன்.

மூலையில் மவுஸை நிறுத்து என்பது ஒற்றைத் திரையில் பரவாயில்லை. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மூலையில் போய் நின்றுவிடும். இரண்டு திரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இடது திரையின் வலது மூலை என்பது சுவர் இல்லை, வாசல். கை கொஞ்சம் வேகமாகப் போனாலும் அம்பு அடுத்த திரைக்குள் போய்விடும். திரும்பக் கொண்டு வந்து, மெதுவாக நகர்த்தி, நிறுத்தி... ஒரு நாளைக்கு எத்தனை தடவை! ரிமோட்டில் இன்னொரு மிஷினைச் சின்ன விண்டோவில் திறந்து வேலை பார்க்கும்போதும் இதே கதை, அந்த விண்டோவின் மூலையில் அம்பு நிற்காது.

திரையைத் தொட்டுப் பார்ப்பதும் எனக்கு ஒத்துவராது. என் திரை கண்ணிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி, நிமிர்ந்து நிற்கிறது. கையை நீட்டி அந்தரத்தில் வைத்துக்கொண்டே எட்டு மணி நேரம் வரைய முடியுமா? 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார், நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுத் தொட்டுக் கை ஓய்ந்துவிடும், நாங்கள் சோதித்துப் பார்த்து விட்டுவிட்டோம் என்று. அந்த ஆளின் மற்ற கருத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். தோள்பட்டை விஷயத்தில் அவர் சொன்னது சரி.

தங்கவயல்_மகள் | 1 ஜனவரி 2013, மாலை 4:10

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நான் வேறு மாதிரி ஓர் அனுபவம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடியதிலிருந்து வீட்டில்தான். தம்பி துபாயில். நவம்பரில் அப்பாவுக்கு ஒரு தொடுதிரை ஆல்-இன்-ஒன் வாங்கிக் கொடுத்தேன், அதில் விண்டோஸ் 8. அதற்கு முன்னால் அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது.

முதல் வாரம் முழுக்க பயம்தான். எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று. பிறகு நான் ஸ்டார்ட் திரையில் நான்கு கட்டம் மட்டும் பெரிதாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஸ்கைப், போட்டோ, செய்தி, பாட்டு. இப்போது காலையில் காபி குடித்ததும் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். போட்டோவை விரலால் தள்ளித் தள்ளிப் பேரன் படத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். டபுள் கிளிக் என்பதை அவருக்குச் சொல்லித்தர நான் முன்பு ஒரு தடவை முயன்றிருக்கிறேன். சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துக் காய்த்துப்போன விரல் அவருக்கு. மவுஸ் நகராமல் இரண்டு தடவை தட்டுவது முடியவே இல்லை. தொடுவது முதல் நாளே வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பழைய எம்ஜிஆர் பட டிவிடி போட்டால் ஓடவில்லை. டிவிடி படம் பார்க்கும் வசதியை 8இல் எடுத்துவிட்டார்களாம். விஎல்சி பிளேயர் போட்ட பிறகு சரியானது. ஆனால் தொடுதிரை விண்டோஸ் யாருக்குமே வேண்டாம் என்று இங்கே முடிவு கட்டிவிடாதீர்கள். என் அப்பாவைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள்.

அல்சூர்_கணக்காளர் | 1 ஜனவரி 2013, இரவு 8:30

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் கேட்டது டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் பற்றி என்று இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. உங்கள் அப்பாவுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. எங்கள் அக்காவுக்குப் பதினான்கு வருடம் விரலில் இருக்கிறது. அதைக் கலைத்தால் அவர் மறுபடி கற்றுக்கொள்வார், புத்திசாலி. கற்றுக்கொள்ளும் நாட்களில் நடக்கும் பிழைக்கு அபராதம் கட்டுவது என் கட்சிக்காரர்.

வொயிட்ஃபீல்டு_நிரலர் | 2 ஜனவரி 2013, காலை 9:00

எல்லா மாற்றத்துக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறோம் சார். 1995இல் ஸ்டார்ட் பட்டன் வந்தபோது விண்டோஸ் 3.1 புரோகிராம் மேனேஜரில் பழகியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆபீஸ் 2007இல் பழைய மெனுவுக்குப் பதில் ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்தபோது எங்கள் ஆபீஸில் பிரளயமே நடந்தது. இன்று யாரும் பழையதைக் கேட்பதில்லை. 8ஐயும் ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாமே?

எஸ்பிரோடு_சர்வீஸ் | 2 ஜனவரி 2013, இரவு 10:45

அண்ணா, 95 வந்தபோது நான் பள்ளிக்கூடம். ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. 3.1இலும் கையில் மவுஸ், 95இலும் கையில் மவுஸ். அந்தப் பட்டனை வைத்ததே மவுஸ் வைத்திருப்பவர் சுலபமாகக் கண்டுபிடிக்கத்தான், அதன் மேலேயே ஸ்டார்ட் என்று எழுதியும் இருந்தது. இப்போது கையில் இருப்பது மவுஸ், முகப்பு விரலுக்கு. மூலையில் மறைந்திருப்பதைப் பக்கத்தில் ஒருவர் சொல்லித்தந்தால்தான் தெரியும். வின்+எக்ஸ் நல்ல வசதிதான், ஆனால் அது இருக்கிறது என்று திரையில் எங்கே எழுதியிருக்கிறது? நீங்கள் சொல்லித்தான் சாருக்குத் தெரிந்தது.

கடைக்கு வருகிறவர்கள் மாற்றம் வேண்டாம் என்று சொல்வதில்லை. வேகம் பிடித்திருக்கிறது என்கிறார்கள். ஸ்டார்ட் மெனுவை மட்டும் வைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். கிளாசிக் ஷெல் என்று இலவச புரோகிராம் ஒன்று இருக்கிறது, பழைய மெனுவைக் கொண்டுவந்துவிடும். நான் இப்போது 8 போடும் ஆபீஸ் மிஷின் எல்லாவற்றிலும் அதையும் சேர்த்தே போடுகிறேன்.

பென்குயின்_பிரியன் | 3 ஜனவரி 2013, அதிகாலை 12:20

லினக்ஸ் வகையான உபுண்டு பக்கமும் இதே சண்டை நடந்து முடிந்தது. 2011 ஏப்ரலில் 11.04 வந்தபோது பழைய மெனுவை எடுத்துவிட்டு யூனிட்டி என்ற புது முகப்பைக் கொண்டுவந்தார்கள். நான் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸுக்குப் போய்விட்டேன், கீழே பழையபடி மெனு இருக்கிறது, நிம்மதி. டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது என்பதால் உங்கள் அலுவலகத்துக்கு இது தீர்வாகாது. கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் ஒரு மிஷின் இருந்தால் யோசியுங்கள்.

தமிழ்99_தட்டச்சு | 4 ஜனவரி 2013, மதியம் 3:35

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல். 8இல் நிர்மலா யுஐ என்று புது எழுத்துரு வந்திருக்கிறது. மெனுவிலும் ஃபைல் பெயரிலும் தமிழ், பழைய லதா எழுத்துருவைவிடத் தெளிவாகத் தெரிகிறது, சிறிய அளவில் "கூ", "ரூ" எல்லாம் குழம்பாமல் இருக்கின்றன. ரூபாய்க் குறியும் இருக்கிறது. ஆங்கிலம் (இந்தியா) கீபோர்டைத் தேர்ந்தெடுத்து வலது ஆல்ட்+4 அழுத்தினால் போதும். 7இல் இதற்குத் தனியாக அப்டேட் போட வேண்டியிருந்தது. இந்த ஒரு காரணத்துக்காக மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பில்லில் குறி சரியாக வருவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அல்சூர்_கணக்காளர் | 27 ஜனவரி 2013, காலை 11:00

சோதித்துப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்காமலே பார்க்க வழி இருந்தது. விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் 90 நாள் சோதனைப் பதிப்பை இறக்கி, விண்டோஸ் 7 இருந்த ஒரு மிஷினில் வேறு ஹார்டு டிஸ்க் மாட்டிப் போட்டோம். ஜனவரி 7இலிருந்து அக்கா அதில்தான் உட்கார்ந்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை. "ரெண்டு வாரம் பார்க்கிறேன், பிடிக்கலைன்னா சொல்லிடுவேன்" என்று அவரே முன்வந்தார்.

டாலி ஓடியது, எந்தச் சிக்கலும் இல்லை. டாலிக்குள் போய்விட்டால் 8 என்றும் தெரியாது, 7 என்றும் தெரியாது. பூட் ஆகும் வேகம் நிஜம், காலையில் அவர் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் தயார். வின்+டி, வின்+ஐ இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் சீட்டு தேவைப்படவில்லை.

சிக்கல் 19ஆம் தேதி சனிக்கிழமை வந்தது. 20க்குள் வாட் ரிட்டர்ன் போக வேண்டும், 20 ஞாயிறு. கட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் பில்களை மெயிலில் பிடிஎஃப்பாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அக்கா வழக்கமாக என்ன செய்வார் என்றால், டாலியைத் திரையின் மேல்பாதியிலும் பிடிஎஃப்பைக் கீழ்பாதியிலும் வைத்துக்கொண்டு, கீழே பார்த்து மேலே அடிப்பார். இங்கே பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்ததும் ரீடர் என்ற முழுத்திரை ஆப் திறந்து மொத்தத் திரையையும் எடுத்துக்கொண்டது. "பில் தெரியுது சார், என் டாலி எங்கே போச்சு?" என்று கேட்டார். ஆல்ட்+டேப் அழுத்தித் திரும்பினால் டாலி வருகிறது, பில் போய்விடுகிறது. பன்னிரண்டு வரி உள்ள ஒரு பில்லுக்கு அவர் பன்னிரண்டு தடவை முன்னும் பின்னும் போனார். ஐந்தாவது பில்லில் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசே சரியில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாமே என்றால், அதற்குத் திரை குறைந்தது 1366 புள்ளி அகலம் வேண்டும். எங்கள் சதுரத் திரை 1280. அந்த வசதி வேலையே செய்யாது.

தீர்வு இருக்கிறது, தெரியும். மாலையில் வழக்கமான பிடிஎஃப் ரீடரைப் போட்டு அதையே டீஃபால்ட் ஆக்கியதும் பழையபடி ஆகிவிட்டது. படங்களுக்கும் அப்படியே மாற்றினேன், ஸ்கேன் செய்த செக்கும் முழுத்திரையில்தான் திறந்துகொண்டிருந்தது. பிறகு கிளாசிக் ஷெல். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், விண்டோஸ் 8இல் புதிதாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் நான் வரிசையாக மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரே திரையில் நாலைந்து விண்டோ என்பதுதான் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வேலை செய்வதன் முழு அர்த்தமும். ஒரு விண்டோவைப் பார்த்து இன்னொன்றில் எழுதுகிறவருக்கு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று சொல்லும் முகப்பு உதவாது.

அதனால் எடுத்த முடிவு இது. விண்டோஸ் 7 இருக்கும் இரண்டும் அப்படியே இருக்கும், அதற்கு 2020 ஜனவரி வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. எக்ஸ்பி மூன்றில் இரண்டுக்குப் பதில் புது மிஷின் வாங்குகிறேன். விண்டோஸ் 8 ப்ரோ போட்டே வரும் மிஷினில் 7 ப்ரொஃபெஷனலுக்கு இறக்கிக்கொள்ளும் உரிமை சட்டப்படியே உண்டு. 1,999 கொடுத்து வாங்கும் அப்கிரேடில் அந்த உரிமை கிடையாது. ஃபாக்ஸ்புரோ மிஷின் பற்றி இன்னும் யோசிக்கவில்லை, அசிஸ்டன்ட் அதைப் பார்த்ததும் கைவிரித்துவிட்டது.

என் வீட்டு மடிக்கணினிக்கு மட்டும் 1,999 கட்டி 8 வாங்கிவிட்டேன். வேகம் பிடித்துப்போய்விட்டது.

வொயிட்ஃபீல்டு_நிரலர் | 27 ஜனவரி 2013, மதியம் 12:40

பிடிஎஃப் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை சார். நான் முதல் நாளே டீஃபால்ட்டை மாற்றிவிட்டேன், மாற்றியதையும் மறந்துவிட்டேன். எனக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம் 8 இல்லை, எதை எங்கே மாற்ற வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததுதான். அந்த அக்காவை அந்த நிலையில் உட்கார வைத்தது சரியில்லை. இதை வடிவமைத்தவர்கள் 17 அங்குலத் திரையில் பில் அடிக்கும் ஒருவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பீன்யா_டிராயிங் | 21 அக்டோபர் 2013, இரவு 7:55

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். 17ஆம் தேதி 8.1 வந்துவிட்டது, 8 வைத்திருப்பவர்களுக்கு இலவசம். ஸ்டார்ட் பட்டன் திரும்ப வந்திருக்கிறது, ஆனால் அழுத்தினால் அதே கட்டத் திரைதான். அதில் ரைட் கிளிக் செய்தால் ஷட்டவுன் இருக்கிறது. எனக்கு முக்கியமானது வேறு. டாஸ்க்பார் ப்ராபர்ட்டீஸில் நேவிகேஷன் என்ற பகுதியில், மேல் மூலைகள் இரண்டையும் அணைத்து வைக்கலாம், லாகின் ஆனதும் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகச் சொல்லலாம். இரண்டு திரையில் இப்போது வேலை செய்ய முடிகிறது. நான் மறுபடி மாறிவிட்டேன்.

அல்சூர் சார், ஆப்களைப் பக்கத்தில் ஒட்டுவதற்கு இப்போது 1024 அகலம் இருந்தாலே போதும். உங்கள் சதுரத் திரையிலும் நடக்கும்.

தங்கவயல்_மகள் | 22 அக்டோபர் 2013, காலை 10:05

அப்பாவின் மிஷினில் நான் 8.1 போடவில்லை. அவருக்குப் பழகிவிட்டது, நான்கு கட்டம் இப்போது ஏழு ஆகியிருக்கிறது. ஏழாவது ரயில் நேரம் பார்ப்பதற்கு. நான் ஊருக்கு வரும் வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்கிறாராம்.

எஸ்பிரோடு_சர்வீஸ் | 9 ஏப்ரல் 2014, இரவு 9:20

நேற்றோடு எக்ஸ்பி முடிந்தது. கடையில் இந்த வாரம் மூச்சு விட நேரமில்லை. நேற்றே 8.1க்கு ஒரு அப்டேட்டும் வந்திருக்கிறது. கட்டத் திரையிலேயே பவர் பட்டன், முழுத்திரை ஆப்களுக்கு மேலே மூடும் பட்டன், டாஸ்க்பாரில் எல்லாம். போன வாரம் மைக்ரோசாஃப்ட் மாநாட்டில் பழைய ஸ்டார்ட் மெனுவையே திரும்பக் கொண்டுவரப்போவதாகக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாகக் கடைக்கு வந்தவர்கள் கேட்டது அதைத்தான். சார், உங்கள் ஃபாக்ஸ்புரோ மிஷின் என்ன ஆயிற்று?

அல்சூர்_கணக்காளர் | 10 ஏப்ரல் 2014, காலை 8:45

அது அப்படியே எக்ஸ்பியில்தான் இருக்கிறது தம்பி. திங்கட்கிழமை மாலை நெட்வொர்க் கேபிளை உருவிவிட்டேன். பென் டிரைவும் அதில் செருகக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை சம்பளப் பட்டியல் அடிப்பதோடு சரி. அந்தப் பட்டறைக்காரருடைய கணக்கை டாலி சம்பளப் பகுதிக்கு ஏற்றும் வேலையை அக்கா ஆரம்பித்துவிட்டார், 2009 வரை வந்திருக்கிறது.

ஸ்டார்ட் மெனு திரும்ப வந்ததும் ஒரு மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இந்தத் தடவை மாதக் கடைசியில் பார்க்கலாம், 20ஆம் தேதிக்குப் பிறகு என்று நாள் குறித்திருக்கிறோம்.